பின்சீட்டில் யாருக்கும் இடமில்லை

ஏப்ரல் 9

வாங்கிவிட்டேன். கறுப்பு. ஜெர்மன் வண்டி, இரண்டே கதவு, வயது இருபதுக்கு மேல். தோல் இருக்கை வெடித்திருக்கிறது, இருந்தாலும் என்ன மிடுக்கு!

தம்பி முன்ஸிர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "ஏன்க்கா, இந்த அம்மான் நகரம் முழுக்கத் தேடியும் நாலு கதவு வண்டி ஒண்ணு கிடைக்கலையா? பின்னாடி யாரு உக்கார்றது?"

யாரும் உட்காரக் கூடாதென்றுதானே வாங்கினேன்! அப்பாவின் பழைய வண்டியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு, இவன் பிள்ளைகளைப் பள்ளிக்கு, இவன் மனைவியின் தங்கைகளைத் துணிக்கடைக்கு ஏற்றி இறக்கினேன். என் இளமை அப்படியே போயிற்று. 'ஹியாம், உனக்கு எங்கே போகணும்?' என்று ஒருவராவது கேட்டதுண்டா? இது ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துச் சம்பாதித்த காசு. என் காசு.

ஏப்ரல் 27

ஜன்னல் இறங்கியது. ஏறவில்லை.

மே 6

பயாதெர் பகுதியில் மெக்கானிக் ஹாகோப்பின் பட்டறை. ரேடியேட்டர் ஒழுகுகிறதாம். நான் முன்னால் குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், இந்த மனிதர் போனை எடுத்து முன்ஸிரிடம் விவரம் சொல்கிறார்!

"வண்டி யாருது ஹாகோப்?"

"உங்களுதுதான் டாக்டரம்மா. ஆனா இதெல்லாம் ஆம்பளைங்ககிட்ட சொன்னா சட்டுனு புரியும் பாருங்க."

நான் டாக்டரும் இல்லை. ரேடியேட்டர் ஸர்காவிலிருந்து நாளை வருமாம்.

மே 21

இன்னும் அதே 'நாளை'.

ஜூன் 2

வந்தது, மாட்டினார், ஓடுகிறது. மாதபா சாலையில் எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டுப் போனேன். இந்த வண்டியில் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவில் தூண் கிடையாது. முழுக்கக் காற்று. அழுதேன். சந்தோஷமா, கோபமா? எனக்கே தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுதியே தீரவேண்டும்.

முன்ஸிரின் மகள் லுஜைனுக்கு இன்று நிச்சயம். அவன் வீட்டு வாசலில் கூட்டம். என் வண்டியை ஒதுக்கி நிறுத்துகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டான். நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அபூ தலால் வெளியே நின்று, "என்ன அழகான வண்டி!" என்றிருக்கிறார். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உங்களுதுதான் சம்பந்தி, எடுத்துக்குங்க" என்றிருக்கிறான்.

சொல்வதுதான். யார் எதைப் புகழ்ந்தாலும் 'உங்களுடையதுதான்' என்போம். கேட்டவர் 'உடையவரிடம் இருந்தால்தான் அழகு' என்பார். அதோடு முடிந்தது. எங்கள் தெருவில் மூக்கு ஒழுகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அபூ தலால் அதைச் சொல்லவில்லை. கையை நீட்டினார்! இந்த மடையன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நான் வெளியே வந்தபோது வண்டி நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

ஜூன் 23

"கையெழுத்துப் போட்டுடுக்கா. பேரை மாத்திக் குடுத்துடலாம். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கினா மானம் போயிடும்."

"சொன்னது யாரு? நீ. வண்டி யாருது?"

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

அந்தப் பெண்ணை முன்னால் நிறுத்திப் பேசுகிறான், பாவி! மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. லுஜைன் முகம் தடுக்கிறது. போடவும் இல்லை. போட மாட்டேன். பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில்!

ஜூலை 12

அபூ தலால் நேற்று மனைவியைச் சாக்கடலுக்குக் கூட்டிப்போனாராம். இறங்கும்போது ராஜா. திரும்பி ஏறும்போது நாஊர் மேட்டில் என்ஜின் கொதித்து, ஆவி கக்கி, நடுரோட்டில் நின்றுவிட்டதாம். அந்த வெயிலில் அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாளாம்.

சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது: கொதித்தது என் வண்டி.

ஜூலை 26

வந்தார்கள். அபூ தலாலும் அவர் பக்கத்துப் பெரியவர்கள் இருவரும், என் வீட்டுக்கு. முன்ஸிர் முந்திக்கொண்டு வந்து, வீட்டுக்காரன் போல நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் காபி ஊற்றினேன். அபூ தலால் கோப்பையை வாங்கினார், குடிக்காமல் தரையில் வைத்தார். ஏதோ வேண்டி வந்திருக்கிறார். எங்கள் வழக்கப்படி, சரி என்று சொன்னால்தான் குடிப்பார்.

"சம்பந்தி, ஒரு காரியமா வந்திருக்கோம்," என்றார் முன்ஸிரைப் பார்த்து.

என்னவென்றுகூடக் கேட்கவில்லை இவன். "குடிங்க, குடிங்க. நீங்க கேட்டது எதுவானாலும்..."

"வாயை மூடு முன்ஸிர்!" என்றேன். "இது யாரு வீட்டுக் காபி?"

பெரியவர் ஒருவர் இருமினார்.

"வண்டி என் பேர்ல இருக்கு. அதைப் பத்திப் பேசறதுன்னா என்னைப் பார்த்துப் பேசுங்க."

காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும். ஒரு பெண்ணிடம் கோப்பை வைத்துக் கேட்பதா என்று மூன்று பேர் முகத்திலும் எழுதியிருந்தது. கடைசியில் அபூ தலால் எழுந்து, நாற்காலியைத் தூக்கி என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி... வண்டி உடையவங்ககிட்ட இருந்தாத்தான் அழகு. நீங்க திரும்ப எடுத்துக்கணும்."

"இதை அன்னைக்கே வாசல்ல சொல்லியிருக்கலாமே."

தலை குனிந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறிய காபியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி, "குடிங்க" என்றேன். ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு சுட்டிருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

லுஜைன் கல்யாணம். மணக்கோலத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "அத்தை, உங்க வண்டிதான் ஊர்வலத்துல முன்னால போகணும்" என்றாள். அவள் கேட்டதால் போனேன்.

ஊர்வலம் ஆமையாக நகர்ந்தது. ஏழாவது ரவுண்டானாவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அப்படியானால் ஒரே வழிதான்: ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, என்ஜின் சூட்டை நாம் வாங்கிக்கொள்வது. திறந்தேன். பக்கத்தில் முன்ஸிர், கம்பளிக் கோட்டும் டையுமாக. வெளியே ஆகஸ்ட் வெயில், உள்ளே அடுப்பு. அவன் கழுத்திலிருந்து வேர்வை வழிந்தது. கை ஹீட்டர் குமிழ் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது.

"அக்கா, இதைக் கொஞ்சம் அணைச்சுடட்டுமா?"

கேட்டான். முன்ஸிர், என்னிடம்.

"வேண்டாம்," என்றேன்.

கையை எடுத்துக்கொண்டான்.