வேலிக்கும் மதிலுக்கும் இடையில்

2024 புரட்டாதி 12, வியாழன்

தொல்பொருள் கந்தோரில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெயர் சிவதர்சினி, சொந்த இடம் செட்டிகுளமாம். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிற ஒல்லாந்தர் காலத்து மதிலைத் துப்புரவாக்கி, சனம் ஏறிப் பார்க்கத் திறந்துவிடப் போகினமாம். டவுன் நடுவில் இவ்வளவு பழைய மதில் இருந்தும் ஒருவரும் பார்க்க வழியில்லை என்றாள்.

"ஏன் பிள்ளை, எங்கட ஆடு தினமும் ஏறிப் பாக்குது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு என் மகள் ஜெயரூபியைப் பார்த்தாள். அவள் வீல்செயரில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். 2009இல் ஷெல் பட்ட பிறகு அதில்தான் இருப்பு. "படி இல்லாமல் சரிவாப் பாதை போட்டால் அக்காவும் மேல போகலாம். ஒழுங்கைதான் ஒடுக்கம். ரெண்டு பக்கமும் வேலியை உள்ளுக்குத் தள்ளித் தரவேணும்" என்றாள் சிவதர்சினி.

ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம் என் தம்பி பரமலிங்கம்.

 ஜெயரூபி வெங்காயத்தை விட்டுவிட்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2024 புரட்டாதி 15, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். இடம்பெயர்ந்தபோது என் தையல் மெசினை ஏற்ற அவனுடைய லாண்ட்மாஸ்டர் வண்டியில் இடமில்லை என்றவன். ஆட்டை ஏற்றினவன். நான் மறக்கவில்லை. பிள்ளைக்காகப் போனேன்.

அவன் மனுசி கௌசலா கதிரை போட்டாள், பிளேன்ரீ தந்தாள். "என்ர மருமகளுக்கு இல்லாத நிலமோ அக்கா?" என்றான் அவன். அப்பவே எழும்பிப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து, கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினான்.

சிவதர்சினி எழுத்தில் வாங்கச் சொன்னாள். கூடப் பிறந்தவனிடம் கடுதாசி கேட்கிறதோ? ஊர் சிரிக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

2024 ஐப்பசி 6, ஞாயிறு

கூலிக்கு ரூபனைப் பிடித்து என் பக்கத்துக் கிளுவை வேலியைப் பிடுங்கியாயிற்று. நல்ல அகலமாக விட்டு, உள்ளுக்குத் தள்ளிக் கம்பிக்கட்டை போட்டிருக்கிறேன். பழைய கதியால் தடிகளை ஒழுங்கை ஓரம் அடுக்கிவைத்தோம்.

"உன்ர பக்கம் எப்பயடா?" என்று தம்பியைக் கேட்டேன். "மழை விழட்டும் அக்கா. மழைக்கு நட்டால்தானே கதியால் பிடிக்கும்." நியாயம்தான்.

2024 கார்த்திகை 3, ஞாயிறு

மழை. என் மூத்த மகன் பரந்தனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறான். ஜெயரூபியையும் கூட்டிக்கொண்டு போய் வெள்ளம் வத்தின பிறகு வருவோம்.

2024 மார்கழி 9, திங்கள்

வந்து இறங்கினதும் கண்டன். தம்பியின்ர வேலி உள்ளுக்குப் போகேல்லை. வெளியில வந்திருக்கு! நான் எவ்வளவு விட்டனோ அவ்வளவுக்கு அவன் முன்னுக்கு வந்து நட்டிருக்கிறான். ஒழுங்கை பழைய அகலம்தான் — ஆனால் என்ர காணிக்குள்ள நிக்குது. நட்டது என்ர கதியால். நான் அடுக்கி வைச்சது. துளிரும் விட்டிட்டுது.

"என்னடா இது?"

"வேரோடின கதியாலைப் பிடுங்கப்படாது அக்கா."

"சத்தியம் பண்ணினாய் எல்லோ?"

"பாதைக்கு எண்டுதானே பண்ணினனான். பாதை இருக்குத்தானே?"

கௌசலா குசினிக்குள் நின்று எட்டிப் பார்த்தாள். வெளியில் வரவில்லை.

இதுக்கு மேல எழுத ஏலாது.

2025 தை 14, செவ்வாய்

கௌசலா பொங்கல் கொண்டுவந்தாள். வாங்கி மாட்டுக்கு வைத்தேன். "மாடு குடுத்து வைச்சது" என்றாள் ஜெயரூபி.

2025 மாசி 21, வெள்ளி

மதில் திறந்தார்கள். மேளம், மைக் செற், பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சரிவுப் பாதை இல்லை. ஒடுக்கம் என்று படி கட்டிவிட்டார்கள். வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறது: நிலம் உதவியவர் பரமலிங்கம்.

உதவியவர்!

அதையாவது பொறுத்தேன். படம் எடுக்க ஆள் வந்ததும் அவனும் இன்னும் மூன்று பேரும் ஜெயரூபியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். அவள் சிரித்தாள். என்ர பிள்ளை, அவன்ர கையில இருந்துகொண்டு சிரிக்கிறாள். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவளைக் காணவில்லை. அவன் வீட்டுப் பந்தியில் இருக்கிறாளாக்கும் என்று கோபத்தோடு இருந்தேன். பிறகு மனம் கேட்காமல் போனேன். மதிலில் அவள் ஒருத்திதான். வெயிலில் முகம் கறுத்துப்போய் இருந்தாள். படம் எடுத்து முடிந்ததும் எல்லாரும் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டார்கள்.

"கூப்பிடேல்லையோடி?"

"கூப்பிட்டனான். மைக்கில பாட்டுப் போகுது, ஆருக்குக் கேக்கும்?"

"அவன் தூக்க ஏன் விட்டனி?"

"ஏற வேற வழி வைச்சனீங்களோ அம்மா ரெண்டு பேரும்?"

ரெண்டு பேருமாம். அவனையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள்.

2025 பங்குனி 3, திங்கள்

சிவதர்சினி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். வேலி வழக்குக்குப் போனால் வருசக்கணக்காகும். இன்னொரு வழி, என் வளவுக்குள்ளால். குசினியை இடித்தால் சரிவுப் பாதை மதில்வரைக்கும் போகுமாம்.

"அப்ப அவன் பிடிச்சது அவனுக்கே?"

"ஓம் அம்மா."

பொய் சொல்லாத பிள்ளை. இல்லை என்று அனுப்பிவிட்டேன். அவன் நட்ட வேலி நிற்க நான் என்ர அடுப்பை இடிக்கிறதோ?

2025 பங்குனி 19, புதன்

ஜெயரூபி உப்பு, புளி கேட்க மட்டும் வாய் திறக்கிறாள்.

2025 சித்திரை 2, புதன்

கந்தோருக்கு நானே போனேன். "இடியுங்கோ" என்றேன். கல்லில் ஒருவருடைய பெயரும் வெட்டக்கூடாது என்றும் சொன்னேன். சந்தோசமாகச் சொன்னேன் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம்.

2025 ஆனி 8, ஞாயிறு

அடுப்பு இப்போது கொல்லையில், கிடுகுக் கொட்டிலில். புகை கண்ணைக் கரிக்கிறது. கிளுவை வேலி ஆள் உயரம். நேற்றுத் தம்பி வேலிக்கு மேலால் "அக்கா" என்றான். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாகும்வரை அவனோடு கதையில்லை.

பஸ்ஸில் வந்த சனம் பின்னேரம் போய்விட்டது. ஜெயரூபி தானே சில்லை உருட்டிக்கொண்டு புதுச் சரிவுப் பாதையால் மேலே போனாள். கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறேன், ஆறுகிறது.

கூப்பிடவில்லை. வாறபோது வரட்டும்.