ஜெபமாலைக் குழுவில் ரெனீயின் பெயர்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்
14 ஜூலை 2020

அன்புள்ள ரெனீ அப்பாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை. கொரோனாவால் மலேசிய எல்லை மூடிய நாளிலிருந்து நான்கு மாதமாக ஜொகூரில் ஒற்றை அறையில் தனியாகப் பொங்கித் தின்கிறீர்கள். அந்தப் பரிதாபம் எனக்கு உண்டு. கோபம் அதைவிடப் பெரிது. போனில் கத்தினால் இந்த மூன்றறை வீட்டில் ரெனீ காதில் விழும். அதனால் கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன்.

சனிக்கிழமை ஸூம் ஜெபமாலையில் வேண்டுதல் சொல்லும் நேரம் வந்ததும், "எம்மக ரெனீக்கு மனசு சரியில்ல, ஸ்கூல் கவுன்சலர்கிட்ட போறா, எல்லாரும் வேண்டிக்குங்க" என்றீர்களே! நாற்பது குடும்பம் கேட்டது. அவளோடு மறைக்கல்வி வகுப்பில் இருக்கும் ஜேடனும் கேட்டான். என் பக்கத்தில் மணி உருட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

பதினைந்து வயதுப் பிள்ளை. வீட்டிலிருந்தே படித்த மாதங்களில் காமிராவை அணைத்துவிட்டு அழுதவள், பள்ளி திறந்ததும் தானாகவே கவுன்சலர் யும்னாவிடம் போய் உதவி கேட்டாள். உங்களை நம்பித்தான் சொன்னாள். என் மூட்டுவலியை ஊருக்கே சொல்லுங்கள், ஏன் என்று கேட்கமாட்டேன். இது அவள் மனசு!

நல்லெண்ணம்தான், தெரியும். அதன் பலனை நேற்று தேக்கா சந்தையில் அனுபவித்தேன். மீன்கடை முன்னால் நம் ஜெபமாலைக் குழு பிலோமினம்மாள், "பிள்ளைக்குப் புத்தி தெளிஞ்சிடுச்சா? எண்ணெய் பூசி ஜெபிச்சா சரியாயிடும் லா" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வாங்கிய மீனை அங்கேயே மறந்து வந்துவிட்டேன்.

இனி கவுன்சலரிடம் போகவே மாட்டேன் என்று ரெனீ பிடிவாதம் பிடித்தாள். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே என்று மூன்று நாளாக இதையே சொன்னாள்.

இன்று காலை அவளே யும்னாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். வியாழன் மூன்று மணிக்குப் போகிறாள். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அப்பாவுக்கு மட்டும் என்றாள். பார்த்தீர்களா? கேட்டால் சம்மதிக்கிற பிள்ளைதான்.

அப்பா என்ற வீம்பை மூட்டை கட்டிவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். வியாழன் மூன்று மணிக்கு அவளுக்காக ஜெபியுங்கள். தனியாக, வாய்க்குள். பெயர்கூட வேண்டாம். ஆண்டவருக்கு அவளைத் தெரியும்.

உங்களையும் அவர் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

ரெனீ அம்மா,
செலின்