வெறும் தண்ணீர்

தென்காசி, ஆஸ்பத்திரி
3.7.2025

அன்புள்ள செல்விக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. தீவனத் தொட்டித் தகரம் கிழித்த கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. காய்ச்சலும் விடவில்லை. போன் உன்னிடமே இருக்கட்டும், கம்பெனி சூப்பர்வைசர் அதில்தான் கூப்பிடுவார். தினமும் குற்றாலத்துக்குக் கோழி ஏற்றிப் போகும் முப்பிடாதி அண்ணாச்சியிடம் கடிதம் கொடுத்துவிடுகிறேன்.

நாலாயிரம் கோழியையும் உன் தலையில் கட்டிவிட்டுப் படுத்திருக்கிறேன், கோபிக்காதே. குஞ்சு இறக்கி இன்று இருபத்தைந்தாம் நாள். தண்ணீரில் மருந்து கலக்க மறந்துவிடாதே. ஒரு நாள் விட்டாலும் சளி பிடித்துச் சாய்ந்துவிடும்.

பக்கத்துக் கட்டிலில் பலவேசம் அண்ணாச்சி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். விரலில் பட்ட சின்னக் காயம், கை முழுக்கப் பரவிவிட்டது. துணைக்கு ஆளில்லை. "ஏலே, ஒனக்காவது கடுதாசி போட ஆளு இருக்கு" என்று கேலி பண்ணுகிறார்.

அன்புடன்,
நல்லதம்பி

ராயகிரி
5.7.2025

மஞ்சு அப்பாவுக்கு,

நானும் மஞ்சுவும் நலம். மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் கலக்குகிறேன். "சீசன் கூட்டம் அள்ளுதுக்கா, வெரசா எடை ஏத்துங்க" என்று சூப்பர்வைசர் விரட்டுகிறார். நெஞ்சு கனத்து, கால் தாங்காமல் நாலைந்து கோழி உட்கார்ந்தே கிடக்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

ஒன்றை அறுத்துக் குழம்பு வைத்து அனுப்பியிருக்கிறேன். துணையில்லாத அந்த அண்ணாச்சிக்கும் கொடுங்கள். உங்களை ஒரு எட்டு வந்து பார்க்க இந்தக் கோழிகள் விட்டால்தானே?

முத்துசெல்வி

தென்காசி
9.7.2025

செல்வி,

பலவேசம் அண்ணாச்சி நேற்று போய்ச் சேர்ந்துவிட்டார். உன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "எந்தங்கச்சி கைப்பக்குவம்லே" என்றார்.

இன்று என் புண்ணின் ரிப்போர்ட் வந்தது. எந்தெந்த மருந்துக்குக் கிருமி சாகவில்லை என்று டாக்டரம்மா வாசித்தார். மூன்றாவது பெயரை நானே முந்திச் சொன்னேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எல்லாம் கோழிக்குக் கலக்க நம் ஷெட் அலமாரியில் இருக்கிறதுதானே.

பலவேசம் அண்ணாச்சி ரிப்போர்ட்டிலும் அதே பெயர்கள்தானாம். குழம்பால் இல்லை, கொதித்ததில் கிருமி செத்திருக்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் மருந்துக்குப் பழகிய கிருமி, கோழி எருவிலும் தண்ணீரிலும் ஊருக்குள் போய்விடுமாம். உங்கள் ஷெட்டிலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அந்த மனுஷர் ஒரு கோழிகூட வளர்த்ததில்லையே, செல்வி.

இனி ஒரு சொட்டு கலக்காதே. கோழி செத்தாலும் சாகட்டும். எனக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட நீ வா. பயமாக இருக்கிறது.

நல்லதம்பி

ராயகிரி
10.7.2025

மஞ்சு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஷெட் காலி. மருந்து கொடுத்தால் அது கறியை விட்டு இறங்க ஒரு வாரம் கழித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். நேற்று காலையில் கலந்தேன், மத்தியானமே வண்டி வந்துவிட்டது. "யாருக்கா பாக்கப் போறா" என்றார் சூப்பர்வைசர். நானும் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தேன். எல்லாம் குற்றாலத்துக்குப் போய்விட்டது. அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு இலை முன்னால் உட்காருகிற ஜனங்களிடம் இனி நான் என்னவென்று சொல்ல?

மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதுக் குஞ்சு இறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். அழாமல் கையெழுத்துப் போடுவேனா, தெரியாது. காலில்லாவிட்டாலும் எனக்கு நீங்கள் வேண்டும்.

ஒரு கோழி மட்டும் ஷெட் மூலையில் கிடக்கிறது. எழுந்து நிற்க முடியாததால் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். கிண்ணத்தை அலகுக்குப் பக்கத்தில் பிடித்தால் குடிக்கிறது. வெறும் தண்ணீர்தான் வைத்தேன்.

முத்துசெல்வி