வாளிக்குள் துப்புகிற உத்தியோகம்

ஆல்டர்கேற் தோட்டம்,
நயாகரா பக்கம்.
3.10.1994

அன்புள்ள தவமணிக்கு,

நான் சுகம். உமது சுகத்தை ரெலிபோனில் கேட்கலாம் என்றால், என் குரல் கேட்டவுடனே நீர் வைத்துவிடுகிறீர். கடிதம் என்றால் கிழிப்பதற்காகவாவது கையில் எடுக்கத்தானே வேண்டும். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன நவம்பரில் என் சூட்கேசை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினீர். சரியாகத்தான் செய்தீர். அன்றிலிருந்து பதினொரு மாதமாக ஒரு சொட்டும் தொடவில்லை. புதன்கிழமைதோறும் குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போகிறேன்.

இப்போது ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் இருந்துகொண்டு வாசியும். இது 1874இல் தொடங்கிய முந்திரிகைத் தோட்டம். ஆனால் திராட்சையைப் பழமாக விற்பதில்லை, வைன் செய்கிறார்கள். கல்லால் கட்டிய நிலவறையில் என்னைவிடப் பெரிய மரப்பீப்பாக்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நான் போத்தல் கழுவுகிறேன்.

நீர் என்ன சொல்வீர் என்று தெரியும். ஆனாலும் எழுதும்.

உம்மையே நினைத்திருக்கும்,
ஸ்ரீஸ்கந்தராசா

*

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
14.10.1994

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன், முதல் தரம் கண்ணை நம்பமுடியாததால்.

நீரிழிவுக்காரன் மிட்டாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? கனடாவில் பாண் பேக்கரி இல்லையா, பிறம்ரனில் வெயார்ஹவுஸ் இல்லையா? குடியால் வீட்டைவிட்டுப் போன மனிசனுக்கு இந்த நாட்டில் கழுவுவதற்கு வேறு போத்தல் கிடைக்கவில்லையா?

உங்கள் குளிர் ஜக்கெற் இங்கே தொங்குகிறது. பார்சலில் அனுப்புகிறேன். அதைப் பாசம் என்று எடுக்கவேண்டாம். அலுமாரியில் இடமில்லை.

தவமணி

*

ஆல்டர்கேற் தோட்டம்
6.11.1994

அன்புள்ள தவமணிக்கு,

ஜக்கெற் வந்து சேர்ந்தது. அதன் பையில் இருமல் மிட்டாய் ஒரு பெட்டி இருந்தது. அதுவும் அலுமாரியில் இடமில்லாமல் வந்திருக்கும்.

நான் இப்போது போத்தல் கழுவுவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கிழமைக்கு முன் நிரப்பி அடுக்கிய போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்றபோது, மழையில் நனைந்த சாக்கு மணம் அடித்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் பத்து வருசம் அரிசி மூட்டை மணந்தவனுக்கு அது தெரியாமல் போகுமா? போய்ச் சொன்னேன். திறந்து பார்த்தார்கள். அந்த முறை வாங்கிய தக்கைகள் பழுது. நல்ல காலம், ஒன்றும் கடைக்குப் போகவில்லை.

முதலாளி அம்மாவின் பெயர் மிஸிஸ் கார்வே. எழுபத்திரண்டு வயது. தோட்டத்தை உண்டாக்கியவரின் பேத்தி. மதுவிலக்குக் காலத்தில்கூட இந்தக் குடும்பம் பீப்பா மூடவில்லையாம். வைத்தியர்மார் வைனை மருந்தென்று சீட்டு எழுதிக் கொடுக்க, நயாகராவில் பாதிப்பேர் வருத்தக்காரர் ஆனார்களாம். அவர் ஒரு பழைய ரீஸ்லிங் வைனை ஊற்றி, "என்ன மணக்கிறது?" என்று கேட்டார். பயந்து பயந்து, "மண்ணெண்ணெய்" என்றேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் எழும்பி என் கையைக் குலுக்கினார். வயதான ரீஸ்லிங்குக்கு அதுதான் பெருமையாம்!

இப்போது என் வேலை மணப்பது. சிலவேளை வாயில் வைத்துப் பார்க்கவும் வேண்டும். உடனே வாளிக்குள் துப்பிவிடுவேன். எல்லாரும் துப்புகிறார்கள், மிஸிஸ் கார்வேயும்தான். லிப்ரில் ஏறும்போதே எந்த மாடியில் என்ன கறி என்று சொல்கிறேன் என்று என் மூக்கைத் திட்டுவீரே, அந்த மூக்குக்குத்தான் இந்தச் சம்பளம்.

அன்புடன்,
ஸ்ரீ

*

வெக்ஸ்போர்ட்
9.12.1994

வணக்கம்.

மேல்மாடி இராஜரட்ணம் அண்ணை முதியோர் சங்கத்துப் பஸ்ஸில் நயாகரா பார்க்க வந்தவர். வழியில் உங்கள் தோட்டத்திலும் இறக்கியிருக்கிறார்கள். திரும்பி வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உம்மட மனிசனைக் கண்டனான். கோட்டும் போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரருக்கு முன்னாலை ஒரு வாய் எடுக்கிறார், கொப்பளிக்கிறார், வாளிக்குள்ளை துப்புறார். அவங்கள் கை தட்டுறாங்கள்."

இவ்வளவு காலமும் என் புருசன் குடிக்கிறார் என்று வெட்கப்பட்டேன். இப்போது துப்புகிறார் என்று வெட்கப்படவேண்டியிருக்கிறது. கோயிலில் சிவபாதம் அண்ணையின் மனைவி, "தங்கச்சி, உது என்ன வருத்தம்?" என்று கேட்கிறா.

உண்மையைச் சொல்லுங்கோ. முழுக்கத் துப்புகிறீர்களா?

தவமணி

*

ஆல்டர்கேற் தோட்டம்
20.1.1995

அன்புள்ள தவமணிக்கு,

உமது கேள்விக்கு "முழுக்க" என்று ஒரு சொல்லில் பதில் எழுதி வைத்திருந்தேன். தபாலில் போடப் பிந்திவிட்டது. இப்போது அந்தக் கடிதம் பொய்யாகிவிட்டதால் கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன்.

இங்கே ஐஸ் வைன் என்று ஒன்று செய்கிறார்கள். பழத்தைக் கொடியிலேயே விட்டு, அது கல்லாக உறைந்த பிறகு பறிக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை குளிர் மைனஸ் பதினொன்றுக்கு இறங்கியது. எல்லாரையும் எழுப்பினார்கள். விடியும்வரை பறித்தோம். விரல் பத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. பறித்து முடிந்ததும் மிஸிஸ் கார்வே போன வருசத்து ஐஸ் வைனில் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் தந்தார். மணந்தேன். வாயில் வைத்தேன். பிறகு விழுங்கிவிட்டேன்.

வாளி இருக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் சுற்றிவரப் பத்து ஏக்கர் பனி கிடந்தது, எங்கேயும் துப்பியிருக்கலாம். வாய் தவறியும் அல்ல. ஆசையில்தான் விழுங்கினேன். ஒருத்தரும் காணவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

கிளாஸை வைத்துவிட்டு நேரே மிஸிஸ் கார்வேயிடம் போய்ச் சொன்னேன். புதன்கிழமைக் கூட்டத்திலும் எழும்பிச் சொன்னேன். பதினாலு மாதம் என்று இருந்த என் கணக்கு, இன்றைக்கு வெறும் ஐந்து நாள். இனி நான் வாயில் வைப்பதில்லை, மூக்கோடு சரி. மிஸிஸ் கார்வே அதற்குச் சம்மதித்துவிட்டார்.

நீர் சம்மதிப்பீர் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஸ்ரீ

*

ஆல்டர்கேற் தோட்டம்
2.5.1995

அன்புள்ள தவமணிக்கு,

மூன்று மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. குறை சொல்லவில்லை. இன்றைக்கு நூற்றேழு நாள்.

வேறொரு பிழை நடந்துவிட்டது. வேறு ஆள் சொல்லி அறிவதைவிட நான் சொல்வது நல்லது. புது ரீஸ்லிங்குக்குப் போத்தலின் பின்பக்கம் நாலு வரி எழுத வேண்டுமென்று மிஸிஸ் கார்வே என்னை மணக்கச் சொன்னார். தேசிக்காய்த் தோல் என்றேன், நனைந்த கல் என்றேன். "கடைசியில் ஒன்று வருகிறதே, அது என்ன?" என்று விடாமல் கேட்டார். என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி முழுகிவிட்டுச் சாம்பிராணிப் புகையில் தலைமயிர் காயவைக்கும்போது வீட்டுக்குள் வருகிற மணம்.

அவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டார். ஆறாயிரம் போத்தல். ஒன்ராறியோ முழுக்கப் போகிறது.

மன்னிப்புக் கேட்டு,
ஸ்ரீ

*

வெக்ஸ்போர்ட்
23.6.1995

அன்புள்ள உங்களுக்கு,

எனக்கு நாற்பத்தொரு வயது. போன சனிக்கிழமைதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாராயக்கடைக்குள் கால் வைத்தேன். உங்களால்.

ஆனி மாத வெயிலில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். தட்டிலே வரிசையாகப் பன்னிரண்டு போத்தல், பன்னிரண்டிலும் என் தலைமயிர். வாசித்துக்கொண்டு நிற்க, கடைப்பெட்டை வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். பதற்றத்தில், "அது என்ரை தலைமயிர்" என்று சொல்லிவிட்டேன். அவள் மற்றவர்களையும் கூப்பிட்டாள். நாலு பேர் சுற்றிவர நின்று என் கொண்டையைப் பார்த்தார்கள். தப்புவதற்கு வேறு வழி தெரியாமல் ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பஸ் தரிப்பில் இராஜரட்ணம் அண்ணை நின்றார். கடைப் பையைப் பார்த்தார், மழைக்கோட்டைப் பார்த்தார்.

"பிள்ளை... நீருமே?"

"இல்லை அண்ணை, இது வாசிக்கிறதுக்கு" என்றேன்.

"உம்மட மனிசனும் முதல்லை உப்பிடித்தான் சொன்னவர்" என்றுவிட்டு, என்னோடு ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலுக்கு எட்டிவிட்டது. எனக்காக ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டார்கள். சிவபாதம் அண்ணையின் மனைவி என் கையைப் பிடித்து, வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தால் குடியை விடலாம் என்றா. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் மிச்சம் அன்பாக, என் வாய் மணக்கிறதா என்று கிட்ட வந்து கதைத்தார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. உங்களுக்கு இது எத்தனை வருசமாக நடந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

போத்தலைத் திறந்து குழாயடியில் ஊற்றினேன். ஊற்றுமுன் மணந்து பார்த்தேன். என் தலைமயிர் அப்படி மணப்பதில்லை. மணந்தாலும் அது ஊருக்குச் சொல்கிற விசயமில்லை.

தை மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். நாங்கள் கலியாணம் கட்டிப் பதினைந்து வருசம். நீங்கள் குடித்ததை ஒவ்வொரு முறையும் நான்தான் பிடித்தேன். அல்லது பொலிஸ் பிடித்தது. நான் பிடிக்காமல் நீங்களாக வந்து சொன்னது அந்த ஒரு வாய்தான். அதற்குச் சந்தோசப்படுவதா, குடித்ததற்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் ஐந்து மாதம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். கடைசியில் இரண்டும் பட்டேன். முதலில் கோபம்.

வீட்டுக்கு வாருங்கோ என்று எழுத இன்னும் எனக்குத் துணிவில்லை. வருகிற வெள்ளி பின்னேரமும் சனியும் லீவு கேட்டிருக்கிறேன். வெள்ளி இரண்டரை மணி பஸ்ஸில் அங்கே வருகிறேன். மிஸிஸ் கார்வேயிடம் எனக்கு ஒரு தனி அறை கேளுங்கோ. அந்த ஆறாயிரம் போத்தல் பற்றி அவவோடும் எனக்குக் கதைக்க இருக்கிறது.

பஸ் நிலையத்தில் நில்லுங்கோ. மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. பதினைந்து வருசத்துக் கதை என்னிடம் இருக்கிறது. இந்த முறை நான் கதைக்கிறன், நீங்கள் பேசாமல் கேளுங்கோ.

தவமணி