கதவில் ஊற்றிய பிசின்

நிலா தென்முனை நிலையம். எழுதுவது மரகதவல்லி, இயந்திரப் பொறியாளர். கிடைத்தவர் படிக்கலாம்.

நாள் 211, 09:10
காற்று வடிகட்டி சரி. பேட்டரி சரி. ஓய்வில் பேனா கடைவதற்கு நான்கு பிசின் கட்டைகள் வார்த்தேன். நிலவுத் தூள் கலந்தால் கருஞ்சாம்பலில் மினுங்குகிறது. கெட்டியாக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குளிரில் கொஞ்சம் கூடுதல். ரொம்பக் கூடினால் பிசின் தானே கொதித்து விரிசல் விடும். இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆள் விமானி கில்பர்ட். அவனுக்கு இந்த வாடை ஆகாது.

இன்டர்காமில் கில்பர்ட்: "பொணத்த எரிக்க மாதிரி நாறுதுட்டி!"

பட்டறைப் பக்கம் வராமல் இருந்தால் சரி.

நாள் 213, 14:40
விண்கல் அடித்தது. முதன்மை ஆக்சிஜன் தொட்டி போயிற்று. மிச்சம் பட்டறைச் சிலிண்டர்கள்தான். மீட்புக் கலம் வரும்வரை ஒருவருக்குப் போதும், இருவருக்குப் போதாது. இதை நான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். கில்பர்ட் ஸ்பானரால் என் தலையில் அடித்தான். அடுத்த அடி காதில். அவன் முழங்காலில் உதைத்துவிட்டுப் பட்டறைக்குள் ஓடினேன். விண்கல் அடித்த அதிர்வில் கதவுச் சட்டம் கோணியிருக்கிறது. ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

15:20
கடைசல் இயந்திரத்தைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். இடைவெளியில் துணி திணித்துப் பிசின் ஊற்றுகிறேன். இறுகிவிட்டால் என் காற்றும் வெளியே போகாது, அவனும் வர முடியாது. மெல்லிய அடுக்காக ஊற்றுவதுதான் முறை. முறைக்கு இப்போது நேரமேது? காதிலிருந்து வழிகிற இரத்தமும் அதில்தான் விழுகிறது.

கில்பர்ட்: "ஏட்டி, கதவத் தொற. பேசித் தீத்துக்கலாம்."

ஸ்பானரை வைத்துக்கொண்டு என்னடா பேச்சு!

16:05
பாவி, வெளியிலிருந்தே பட்டறை ஹீட்டரை அணைத்துவிட்டான். குளிரில் பிசின் இறுகாமல் கூழாகவே நிற்கிறது. மிச்சமிருந்ததை வாளியில் கொட்டி, சொட்டுக் கணக்கெல்லாம் பார்க்காமல் திரவப் புட்டியையே கவிழ்த்தேன். வாளி சுட ஆரம்பித்தது.

16:20
துணியைக் கிழித்துக்கொண்டு அவன் கை உள்ளே வந்தது. சுத்தியலால் முழங்கையில் போட்டேன். எலும்பு உடைந்தது காதில் விழுந்தது. அப்படியும் என் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். சுத்தியல் கைநழுவியது. எட்டியது வாளி மட்டும்தான். இருவர் கைமேலும் இடைவெளியிலும் அப்படியே ஊற்றினேன். புகைந்து கொதித்தது. இருவரும் அலறினோம்.

16:50
இறுகிவிட்டது. நிறையக் குமிழி, ஓரத்தில் விரிசல். பேனாவுக்கு ஆகாது, கதவுக்கு ஆகும். ஆனால் அவன் பிடிக்குள் என் கை. சிலிண்டர் வால்வை இன்னும் திறக்கவில்லை, அது அறையின் மறுகோடியில். இடது கைக்கு எட்டுவது இரும்பறுக்கும் ரம்பம். கதவுக்கும் என் கைக்கும் நடுவே, அவன் மணிக்கட்டில் அறுத்தால் நான் விடுபடலாம். அடைப்பும் நிற்கும். இதை அவனிடம் சொன்னேன்.

கில்பர்ட்: "மரகதம், அறுத்துராதட்டி. விட்டுருதேன். மாதா மேல சத்தியமா விட்டுருதேன்."

விட அவனாலும் முடியாது. விரல்கள் பிசினுக்குள் இருக்கின்றன.

17:30
மூச்சு முட்டுகிறது. அவன் முதலில் சாகட்டும் என்று காத்திருந்தேன். சாகவில்லை. அவன் பக்கம் இன்னும் காற்று இருக்கிறது போலும். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது, சனியன், இந்த நேரத்தில். எழுத்து மங்கலாகத் தெரிகிறது. "கண்ண மூடிக்கோ கில்பர்ட்" என்று இன்டர்காமில் சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்

18:15
வால்வைத் திறந்துவிட்டேன். மூச்சு வருகிறது. மீட்புக் கலத்தாருக்கு: பிசினை மெதுவாக அறுங்கள். பிளேடு சூடானால் விஷப்புகை வரும். நான் இந்தப் பக்கம் இருப்பேன். அவன் கை என் மணிக்கட்டில்தான் இருக்கிறது, கழற்ற முடியவில்லை. இன்டர்காமை அணைத்துவிட்டேன்.

கதவு வழியாகவே கேட்கிறது. என் பேரைத்தான் கூப்பிடுகிறான்.