கொடி கட்டிய கம்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

மண் நகர்வதை அளக்க, நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் விடுமுறையில் நான் அடித்த இரும்புக் கம்பியின் படத்தைத் தம்பி அனுப்பினான் இல்லையா? நேற்று பல்கலைக்கழக ஆய்வரங்கில் அதைக் காட்டினேன். நீங்கள் அதில் கொடி கட்டிப் பச்சைச் சேலையைக் காயப்போட்டிருந்தீர்கள். கலைப்பீடம், விஞ்ஞானபீடம் எல்லாம் சிரித்தது. பாடம் எடுக்கும் எங்கள் சேர் மட்டும் சிரிக்கவில்லை.

"கம்பி சாஞ்சிருக்கே, நிரோஷா?"

"ஈரத்துணி பாரம் சேர்" என்றேன்.

கொடியை இன்றே அவிழ்த்துக் கம்பியை நிமிர்த்துங்கள். துணியில்லாமலும் சாய்ந்தால், எதையும் எடுக்காமல் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். அந்தச் சேலையை எனக்குக் கொடுத்தனுப்புங்கள், போர்த்திக்கொள்ள.

ஃபோன் கிடைக்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் ஓப்பநாயக்கவுக்கு வரும் புஷ்பம் அக்கா பஸ்ஸுக்கு நிற்கிறார்; இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மழை விடவில்லை. அங்கே?

உங்கள் மகள்,
நிரோஷா