அவர் கொண்டுவந்த கடைசிச் சினைப்பை

மார்ச் 4
இன்றைக்கும் மாடு வெட்டுற கூடத்துக்கு நான்தான் போனேன். என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு, ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுற எனக்கே அவர் வேலையையும் கொடுத்துவிட்டார்கள். பசுவின் சினைப்பையை வெதுவெதுப்பான உப்புத்தண்ணி பிளாஸ்கில் வாங்கி, சூடு ஆறாமல் கொண்டுவரணும். அவர் கோட்டுக்குள்ளே வயிற்றோடு அணைத்துக் கொண்டுவருவார். நானும் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி, பிள்ளைத்தாச்சின்னு நினைக்கப்போறாங்க" என்று சிரித்தாள். அப்புறம் அவளே அழுதாள்.

மார்ச் 9
சினைப்பையின் மேல்தோலைச் சுரண்டி, வேற செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல் எடுக்கிறார்கள். தட்டில் வளர்த்தால் கருமுட்டை மாதிரி ஆகுதா என்று பார்க்கிறார்கள். நான் கொண்டுவந்தது எல்லாம் செத்துப்போச்சு. ஒரே ஒரு தட்டு மட்டும் உயிரோடு இருக்கு.

ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா சொன்னாங்க, "அது உங்க வீட்டுக்காரர் கடைசியா கொண்டுவந்தது."

கழுவின குடுவையையே மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 10
தூக்கமில்லை. என் கை ராசிதான் இப்படியா?

மார்ச் 13
இன்றைக்குத் தெரிந்தது. வெட்டுறவர் பெருமையாகச் சொல்கிறார், "நீங்க வர்றதுக்குள்ள கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ்ல போட்டு வெச்சுடறேன் அண்ணி. அப்புறம்தான் பிளாஸ்க்ல மாத்தறேன்."

ஐயோ, கறின்னு நினைச்சுட்டார் மனுஷன்! குளிரில் அந்த செல் எப்படிப் பிழைக்கும்? அவர் இருந்தவரை உள்ளே பக்கத்திலேயே நின்று, அறுத்ததும் கையோடு வாங்கிக்கொள்வார். நான் ரத்தத்தைப் பார்க்கமாட்டாமல் வாசலில் நிற்கிறேன். அதான்.

மார்ச் 17
டாக்டரம்மா கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினாங்க. உருண்டையாக, பெரிசாக, சுற்றி ஒரு வளையம். அவர் தூக்கிவந்தது.

"கன்னு வருமா?"

"வராதுக்கா. முட்டை மாதிரி இருக்கு, அவ்வளவுதான். நிஜ முட்டையான்னு தெரியணும்னா சாயம் ஏத்தி உள்ளே பார்க்கணும். ஏத்தினா செத்துடும்."

"அப்ப வேணாம்மா."

"விட்டாலும் தங்காதுக்கா. ஒண்ணும் தெரியாமலே போயிடும். நாளைக்கு ஏத்தறேன். உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரலை."

ஆய்வுக்கூடத்துச் சாவி என்கிட்டதான் இருக்கு. அந்தத் தட்டை எடுத்துட்டு எங்கடி போவே? எந்தச் சூட்டுல வெச்சுக் காப்பாத்துவே? அவரையே காப்பாத்த முடியலை—

மார்ச் 18
காலையில் சாவியை டாக்டரம்மா மேசையில் வைத்துவிட்டுக் குடுவை கழுவப் போனேன்.

மார்ச் 20
சாயம் பிடித்ததாம். முட்டைக்குள்ளே இருக்கவேண்டியதில் கொஞ்சம் இருக்கு, கொஞ்சம் இல்லை. "இதுவரைக்கும் இவ்வளவு கூட வந்ததில்லைக்கா. இன்னும் சினைப்பை வேணும்" என்றாங்க. கண் சிவந்திருந்தது அவங்களுக்கு.

மார்ச் 21
இன்றைக்கு உள்ளே போனேன். தரையெல்லாம் ஈரம். வெட்டுறவர் பதறிப்போய், "நீங்க ஏன் அண்ணி இங்க எல்லாம்?" என்றார். பிளாஸ்கைத் திறந்து நீட்டினேன்.

"ஐஸ் வேணாம் தம்பி. அப்படியே இதுல போடு."

திரும்பி வரும்போது கோட்டுக்குள்ளே வயிற்றில் சூடாகவே இருந்தது.